ஒரு மணலின் தாய் யார்? – ஊயிட் மணலும் நுண்ணுயிர்களும்

இன்றைக்கு ஒரு மணலைப் பற்றிப் பேசப் போகிறோம். மணல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆற்று மணல்தான். எங்கோ மலையில் இருந்த பாறை உடைந்து, உருண்டு, தேய்ந்து, சின்னதாகிக்கொண்டே வந்து சேர்வது. நாம் பார்க்கப்போகும் மணல் இதற்கு நேர் எதிர். அது கடலுக்குள்ளேயே பிறந்து, பெரிதாகிக்கொண்டே வருகிற மணல்.

சீரக மிட்டாய் எப்படிச் செய்வார்கள் தெரியுமில்லையா? சட்டியில் சீரகத்தைப் போட்டு உருட்டிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரைப் பாகை விடுவார்கள். ஒவ்வொரு முறையும் மெல்லிய ஒரு பூச்சு. கடைசியில் வழவழவென்று உருண்டையாக ஒரு மிட்டாய், நடுவில் ஒரு சீரகம். பஹாமா தீவுகளைச் சுற்றியிருக்கும் ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் இதே மாதிரி ஒரு வேலை நடக்கிறது. நடுவில் சீரகத்துக்குப் பதிலாக உடைந்த சிப்பித் துணுக்கோ, ஏதோ ஒரு சின்னக் கடல்பிராணியின் எச்சமோ இருக்கும். (ஆமாம், எச்சம்தான். உலகத்தின் மிக அழகான கடற்கரைகள் சிலவற்றில் நாம் காலாற நடப்பது அதன்மேல்தான்.) அதைச் சுற்றி அடுக்கடுக்காகக் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. பெரும்பாலான மணிகள் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. முத்து மாதிரி பளபளக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் மரத்தின் வளையங்கள் மாதிரி வளையங்கள் தெரியும்.

இந்த மணிக்குப் பெயர் ஊயிட். இப்படிப்பட்ட மணிகள் ஒட்டிக் கல்லாகிவிட்டால் அது ஊலைட். கிரேக்க மொழியில் முட்டைக்குள்ள சொல்லையும் கல்லுக்குள்ள சொல்லையும் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது.

கேள்வி ஒன்றுதான். அந்தப் பாகை ஊற்றுவது யார்? கடல்நீரின் வேதியியலா, நுண்ணுயிர்களா? கேட்கச் சின்னக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் 250 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாறைகளில்கூட ஊயிட் இருக்கிறது. கடல்நீர் மட்டுமே இதைச் செய்கிறது என்றால், அந்தப் பழைய மணி ஒவ்வொன்றும் அன்றைய கடலைச் சேமித்து வைத்த குப்பி. உயிர் இல்லாமல் இது உருவாகாது என்றால், அதே மணி அன்றைக்கு உயிர் இருந்ததற்குச் சாட்சி. ஒரே மணியை நாம் எப்படி வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பூமியின் வரலாறே வேறு மாதிரி எழுதப்படும். அதனால்தான் இந்தச் சண்டை நூறு வருஷத்துக்கும் மேலாக ஓயவில்லை.

கதையை 1665-இல் தொடங்கலாம். ராபர்ட் ஹூக் எழுதிய 'மைக்ரோகிராஃபியா' அந்த வருஷம் வெளியானது. தெள்ளுப்பூச்சியைப் பூதாகாரமாக வரைந்து லண்டனையே அசர வைத்த புத்தகம். அதில் கெட்டரிங் என்ற ஊரின் கட்டடக் கல் ஒன்றையும் ஹூக் லென்சுக்குக் கீழே வைத்துப் பார்த்திருக்கிறார். மீனின் சினை மாதிரி உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுதினார். இது எப்படி உண்டானது என்பதில் அவருக்குப் பெரிய அக்கறை இல்லை. மணிகளுக்கு இடையில் இருந்த இடைவெளிகள்தான் அவரை ஈர்த்தன. அடுத்த வருஷமே லண்டன் தீப்பற்றி எரிந்தது. நகரத்தைத் திரும்பக் கட்டும்போது அளவையாளர்களில் ஒருவராக வேலை பார்த்தவரும் இதே ஹூக்தான். புதிய செயின்ட் பால் தேவாலயத்துக்கு வந்த போர்ட்லண்ட் கல்லும் ஊலைட்தான். அதாவது, அந்த மாபெரும் குவிமாடம் நிற்பது கோடானுகோடி மீன்சினைகளின் மேலே.

ஜெர்மனியிலும் இந்தக் கல்லுக்கு மீன்சினைக் கல் என்றுதான் பெயர். அங்கே சிலர் இது உண்மையிலேயே கல்லாகிப்போன மீன் முட்டை என்று நம்பினார்கள். சிரிக்க வேண்டாம். அவர்கள் கையில் இருந்த கருவிக்கு அதுதான் தெரிந்தது.

அடுத்த பெரிய பாய்ச்சல் ஹென்றி கிளிஃப்டன் சார்பி. ஷெஃபீல்டு ஊர்க்காரர், வசதியான குடும்பம், எந்தக் கல்லூரியிலும் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே ஆய்வு செய்தவர். பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் முறையை நிலவியலுக்குள் கொண்டுவந்தவர் அவர். மலையைப் போய் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதா என்று அப்போது கேலி செய்தார்கள். 1879-இல், லண்டன் நிலவியல் கழகத்தின் தலைவராக, சுண்ணாம்புக் கற்களின் அமைப்பையும் தோற்றத்தையும் பற்றி அவர் ஆற்றிய உரை இன்றைக்கும் பேசப்படுகிறது. ஊயிட்டின் பூச்சில் இருக்கும் நுண்ணிய படிகங்கள் எந்தத் திசையில் படுத்திருக்கின்றன என்று அவர் பார்த்தார். அவை மணியின் மேற்பரப்போடு ஒட்டிப் படுத்திருந்தன. அவர் எடுத்த முடிவு: நீரில் இருக்கும் நுண்படிகங்கள், உருளும் மணியின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. உருட்ட உருட்டப் பெரிதாகும் பனிப்பந்து மாதிரி. இதில் உயிருக்கு வேலையே இல்லை.

ஆனால் அடுத்த பதினைந்து வருஷத்துக்குள் எதிர்க்கட்சி உருவாகிவிட்டது. 1892-இல் ஜெர்மானியரான ரோத்ப்ளெட்ஸ், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியில் கிடைக்கும் ஊயிட்டுகளை ஆராய்ந்து, இது நீலப்பச்சைப் பாசிகளின் வேலை என்றார். இங்கிலாந்தில் வெதர்ட், பழைய ஊலைட் கற்களுக்குள் நெளிநெளியான நுண்குழாய்களைக் கண்டு, இவை உயிரிகள், மணியைக் கட்டியது இவைதான் என்று வாதிட்டார். இந்தப் பக்கம் ஜேனா நகரத்தில் லிங்க் என்பவர் 1903-இல், வெறும் உப்புக் கரைசல்களைக் கலந்தே அரகோனைட் உருண்டைகளைப் படிய வைத்துக் காட்டினார். அரகோனைட் என்பது சுண்ணாம்பின் ஒரு படிக வடிவம். பஹாமா ஊயிட் முழுக்க அதுதான். பாசி எதற்கு, உப்புக் கரைசலே போதுமே என்பது அவர் கட்சி.

1908-இல் சார்பி இறந்தார். அதே வருஷம் எர்ன்ஸ்ட் கால்கோவ்ஸ்கி, ஹார்ட்ஸ் மலைக்கு வடக்கே இருக்கும் பாறைகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 'ஊயிட்' என்ற சொல்லை உண்டாக்கியவர் அவர்தான். அதே கட்டுரையில் இன்னொரு சொல்லையும் உண்டாக்கினார்: ஸ்ட்ரோமடோலைட். பாய் பாயாக நுண்ணுயிர்கள் படர்ந்து கட்டும் அடுக்குப் பாறை. இன்றைக்குப் பூமியின் மிகப் பழைய உயிர்ச் சான்றுகள் என்று பாடப்புத்தகத்தில் வருவது அதுதான். கால்கோவ்ஸ்கி இரண்டையும் ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தார். இரண்டுக்கும் பின்னால் எளிய உயிர்கள் இருக்கின்றன என்று நினைத்தார். பிற்காலம் என்ன செய்தது பாருங்க: ஸ்ட்ரோமடோலைட்டை உயிரியலுக்குக் கொடுத்துவிட்டு, ஊயிட்டை வேதியியலுக்குக் கொடுத்துவிட்டது. உடன்பிறந்த இரண்டையும் ஆளுக்கொரு வீட்டில் தத்துக் கொடுத்த மாதிரி.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு மனிதர் வருகிறார். ஜார்ஜ் ஹாரல்டு ட்ரூ. இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர். 1911, 1912 வாக்கில் ஃபுளோரிடாவுக்குப் பக்கத்தில் டார்ட்டுகாஸ் தீவுகளிலும், பஹாமாவின் ஆண்ட்ரோஸ் தீவுப் பக்கத்திலும் வேலை பார்த்தார். அங்கே கடலின் அடியில் மாவு மாதிரி நைஸான வெள்ளைச் சேறு. இது எங்கிருந்து வருகிறது? ட்ரூ அந்த நீரையும் சேற்றையும் எடுத்துப் பாக்டீரியாவை வளர்த்தார். அவற்றில் ஒரு வகை, நீரில் இருக்கும் நைட்ரேட்டை உடைக்கும். அந்த வேலையின்போது நீரின் காரத்தன்மை ஏறும். காரம் ஏறினால் கரைந்திருக்கும் சுண்ணாம்பு படியும். கண்ணாடிக் குடுவைக்குள் அது படிவதை அவர் கண்ணால் பார்த்தார். அந்தப் பாக்டீரியாவுக்கு, சுண்ணாம்பை வைத்தே 'பாக்டீரியம் கால்சிஸ்' என்று பெயர் வைத்தார்.

1913 ஜனவரியில் ட்ரூ இறந்துபோனார். அப்போது அவர் முப்பதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். அவருடைய முழு அறிக்கையைக் கார்னெகி நிறுவனம் 1914-இல், அவர் இறந்த பிறகு, வெளியிட்டது. அமெரிக்க நிலவியலாளர் வாகன் அந்தக் கருத்தை ஊயிட்டுக்கு நீட்டினார்: பாக்டீரியா சுண்ணாம்புச் சேற்றை உண்டாக்குகிறது, அந்தச் சேற்றிலிருந்துதான் ஊயிட் மணிகள் உருவாகின்றன என்று.

பத்து வருஷம் கழித்து, 1924-இல், கலிஃபோர்னியாவின் லிப்மன் இதையெல்லாம் மறுபடி சோதித்தார். அவருடைய விமர்சனம் கடுமையானது, ஆனால் நியாயமானது. நீங்க குடுவையில் கொடுத்த ஊட்டம் கடலில் கிடையாது. திறந்த கடல்நீரில் பாக்டீரியா எண்ணிக்கையும் அவ்வளவு இல்லை. குடுவையில் நடந்தது கடலில் நடக்கிறது என்று எப்படிச் சொல்வது? பதில் சொல்ல ட்ரூ உயிரோடு இல்லை. ஓர் ஆய்வாளருக்கு இதைவிடத் துரதிர்ஷ்டம் என்ன இருக்க முடியும்? 'பாக்டீரியம் கால்சிஸ்' மெதுவாக அடிக்குறிப்பாகிப் போனது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பஹாமாவுக்குப் போகும் நிலவியலாளர் கூட்டம் அதிகமானது. காரணம் எண்ணெய். சவுதி அரேபியாவின் கவார் உட்பட, உலகின் பெரிய எண்ணெய்க் களங்கள் சிலவற்றில் எண்ணெய் தங்கியிருக்கும் பாறையில் ஊயிட் அடுக்குகள் உண்டு. ஹூக் பார்த்த அதே இடைவெளிகள்! அவற்றில்தான் எண்ணெய் நிற்கிறது. இன்றைய ஊயிட் எங்கே சேர்கிறது என்று தெரிந்தால், பழைய ஊயிட் எங்கே இருக்கும் என்று ஊகிக்கலாம்.

1954-இல் இல்லிங், 1960-இல் நியூவெல், பர்டி, இம்ப்ரி ஆகிய மூவர். இவர்களுடைய ஆய்வுகளில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. அலையும் ஓதமும் வேகமாக அடிக்கும் திட்டுகளில்தான் பளபளக்கும் ஊயிட் இருக்கிறது. நீர் அமைதியாக இருக்கும், பாசியும் பாக்டீரியாவும் செழித்திருக்கும் இடத்தில் மணிகள் மங்கி, சொரசொரப்பாகி, ஒன்றோடொன்று ஒட்டித் திராட்சைக் கொத்து மாதிரி ஆகிவிடுகின்றன. உயிர்தான் ஊயிட்டைக் கட்டுகிறது என்றால், உயிர் அதிகம் இருக்கும் இடத்தில்தானே நல்ல ஊயிட் இருக்க வேண்டும்? நடப்பது தலைகீழாக இருக்கிறதே? இது வலுவான வாதம். இன்றைக்கும் இதைத் தட்டிவிட முடியாது என்பது என் எண்ணம்.

லிவர்பூலைச் சேர்ந்த பாதர்ஸ்ட் 1966-இல் மேலும் ஓர் ஆணி அடித்தார். சில நுண்பாசிகள் சுண்ணாம்பு மணிக்குள் துளைபோட்டு வாழும். அது செத்த பிறகு அந்தத் துளையை நுண்படிகச் சுண்ணாம்பு அடைக்கும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் மணியின் வெளிப்பகுதி முழுக்க உருமாறி ஒரு மங்கிய உறையாகிவிடும். அப்படின்னா, வெதர்ட் பழைய கற்களில் பார்த்த நுண்குழாய்கள்? அவை வீட்டைக் கட்டியவையாக இருக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் பல்லி இருக்கிறது என்பதற்காக, வீட்டைக் கட்டியது பல்லி என்று சொல்லிவிட முடியுமா? இப்படியாக நுண்ணுயிர், கொத்தனார் என்ற பட்டத்தை இழந்து கறையான் ஆனது. பாடப்புத்தகங்களிலும் அப்படியே பதிந்தது: ஊயிட் என்பது அலை, மிகைச்செறிவான கடல்நீர், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சின்ன உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. ஊயிட்டை நீர்த்த அமிலத்தில் போடுங்க. சுண்ணாம்பு முழுக்கக் கரைந்துபோகும். கரைந்த பிறகும் அங்கே ஒன்று மிச்சம் இருக்கும். அதே உருண்டை வடிவில், அதே வளையங்களோடு, வழவழப்பான ஒரு கரிமக் கூடு. மணியின் ஆவி மாதிரி. அடுக்குக்கு அடுக்கு இது ஊடுருவியிருக்கிறது. அது ஏன் அங்கே இருக்கிறது?

1978-இல் ஆஸ்திரேலியாவில் டேவிஸ், புபேலா, ஃபெர்குசன் மூவரும் ஆய்வகத்தில் ஊயிட் செய்து பார்த்தார்கள். நீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால் சுண்ணாம்பு படியத்தான் செய்கிறது. ஆனால் மணியின் மேற்பரப்பு சீக்கிரமே 'செத்துவிடுகிறது', மேற்கொண்டு படிகம் வளர இடம் கொடுப்பதில்லை. மணி ஓய்வில் கிடக்கும்போது கரிமப் பொருள் மேலே பூசிக்கொண்டால், அடுத்த முறை வளர்ச்சி மறுபடி தொடங்க அது வழி செய்கிறது. சீரக மிட்டாய்க்காரர்கூட ஒரு பூச்சு காய்ந்த பிறகுதானே அடுத்த பாகை விடுகிறார்! ஆக, ஊயிட்டின் வாழ்க்கையில் உருளும் நேரம் எவ்வளவு முக்கியமோ, சும்மா கிடக்கும் நேரமும் அவ்வளவு முக்கியம் என்ற எண்ணம் அப்போது பிறந்தது.

பிறகு மரபணுக் கருவிகள் வந்தன. மயாமிப் பல்கலைக்கழகத்தின் மாரா டியாஸும் கூட்டாளிகளும் 2010-களில் பஹாமா ஊயிட் மணலில் என்னென்ன நுண்ணுயிர்கள், என்னென்ன மரபணுக்கள் என்று தேடினார்கள். ஒளிச்சேர்க்கை செய்பவை, சல்பேட்டை உடைப்பவை, கூடவே நைட்ரேட்டை உடைப்பவை. ஆமாம், ட்ரூவின் பாக்டீரியா செய்த அதே வேலை! அவர் இறந்து நூறு வருஷம் கழித்து, அவர் தேடிய அதே கடலில், மணலிலிருந்தே அந்த மரபணுக்கள் கிடைக்கின்றன. அவர் சொன்ன விதத்திலேயே எல்லாம் நடக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் அவர் தேடிய கதவு சரியான கதவுதான்.

டியாஸ் குழு 2017-இல் இன்னும் ஒரு படி போனது. நுண்ணுயிர்கள் தங்களைச் சுற்றி ஒரு வழுவழுப்பான பசையைச் சுரக்கும். ஈரக் கல்லில் கைவைத்தால் வழுக்குமே, அந்த மாதிரி. ஊயிட்டின் மேலிருக்கும் அந்தப் பசைக்குள், படிகமாக இன்னும் உருப்பெறாத கால்சியம் கார்பனேட் துகள்கள் இருப்பதை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார்கள். பசை கால்சியத்தைப் பிடித்து வைக்கிறது. நுண்ணுயிர்களின் செயல் சுற்றிலும் காரத்தன்மையை ஏற்றுகிறது. உருவமற்ற துகள் முதலில், அரகோனைட் படிகம் பிறகு. நன்னீரிலும் இதற்கு ஒரு துணைச்சாட்சி உண்டு: ஜெனீவா ஏரியின் ஊயிட்டுகளில் முதல் படிவு ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்ப் படலத்தில் தொடங்குகிறது என்று 2012-இல் பாக்டன் குழு காட்டியது.

அப்போ கட்சி ஜெயித்துவிட்டதா? இல்லை. இதே காலத்தில் எலிசபெத் ட்ரோவர், முதலில் கால்டெக்கிலும் பிறகு கொலராடோவிலும், வேறு ஒரு கேள்வியைக் கேட்டார். ஊயிட் ஏன் ஒரு அளவுக்கு மேல் பெரிதாவதில்லை? ஆய்வகத்தில் மணிகளை நீரோடு சுழலவிட்டு, வளர்வதையும் தேய்வதையும் அளந்தார். இரண்டுமே எதிர்பார்த்ததைவிட மிக வேகமாக நடந்தன. மணி பெரிதானால் மோதல் பலமாகும், தேய்மானம் கூடும். சிறிதாக இருந்தால் வளர்ச்சி முந்தும். வரவும் செலவும் சமமாகும் இடத்தில் அளவு நிற்கிறது. நாம் பார்ப்பது வங்கியில் இருக்கும் மிச்சத் தொகையை மட்டும்தான். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று அது சொல்லாது. கரிமக் காலக்கணிப்பின்படி ஒரு மணி இந்த அளவுக்கு வர ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆய்வக வேகத்தில் பார்த்தால் அது மிகச் சீக்கிரம் முடிய வேண்டிய வேலை. மிச்சக் காலமெல்லாம் புதைந்து தூங்குவதிலும், வளர்ந்ததைத் தேய்த்து இழப்பதிலும் போகிறது.

ட்ரோவரின் கணக்கில் நுண்ணுயிர் இல்லாமலே வண்டி ஓடுகிறது. அதை வைத்துப் பழைய கடல்களைக் கணக்குப் போட முடிகிறது என்பதுதான் அதன் கவர்ச்சி. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் மிகப் பெரிய உயிரழிவுக்குப் பிறகு, 2 மில்லிமீட்டரையும் தாண்டிய ராட்சத ஊயிட்டுகள் தென் சீனத்துப் பாறைகளில் வருகின்றன. அதற்கும் முந்தைய காலப் பாறைகளிலும் உண்டு. தேய்மானத்தை மீறி அவ்வளவு வளர வேண்டும் என்றால் கடல்நீரில் கார்பனேட் மிகுந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு மணியின் வளர்ச்சி வேகத்தில் பசைக்கும் பாக்டீரியாவுக்கும் பங்கு இருக்கிறது என்றால், அந்தக் கணக்கில் ஒரு எண் மாறும். அந்தக் கடலும் மாறும்.

இதைத் தீர்க்க நேரடிச் சோதனை எளிது என்று தோன்றும்: ஒரு தொட்டியில் உயிருள்ள மணல், இன்னொன்றில் உயிர் நீக்கிய மணல், இரண்டிலும் ஒரே நீர், ஒரே வேகம். சிக்கல் என்னவென்றால், நுண்ணுயிரைக் கொன்றாலும் பசை போகாது. பசையை எடுக்கக் கடுமையான ரசாயனம் போட்டால் மணியின் மேற்பரப்பே மாறிவிடும். எதனால் வந்த வித்தியாசம் என்று பிரித்துச் சொல்வது அவ்வளவு கஷ்டம்.

இதற்கிடையில் அந்த மணலுக்கு நேர்ந்ததையும் சொல்லணும். பிமினிக்குத் தெற்கே ஓஷன் கே என்று ஒரு தீவு உண்டு. கடலடி அரகோனைட் மணலைத் தோண்டி, சிமென்ட், கண்ணாடித் தொழிலுக்கு அனுப்புவதற்காகவே எழுப்பிய செயற்கைத் தீவு. 2019-இலிருந்து அங்கே உல்லாசக் கப்பல்கள் நிற்கின்றன. பயணிகள் படுத்து வெயில் காயும் வெள்ளை மணலில், ஒவ்வொரு மணியின் மேலும் வழுவழுப்பான அந்தப் பசை இருந்தால், அதற்குள் இந்த நிமிஷமும் ஏதோ ஒன்று கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அடுத்த பகுதியில் கால்கோவ்ஸ்கி பெயர் வைத்த இன்னொரு குழந்தை, ஸ்ட்ரோமடோலைட், அதைப் பற்றிப் பேசுவோம்.